கருப்புக் காயில் ஜெயிப்பது: செஸ் போட்டிக்குப் போகும் கொங்குப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று எங்கே போட்டி நடந்தாலும், பேரிங் (யாருக்கு யார் எதிராளி, என்ன நிறம் என்ற பட்டியல்) ஒட்டிய பலகை முன்னால் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

கட்டங்களை ஏ1 முதல் ஹெச்8 வரை தமிழிலேயே எழுதியிருக்கிறோம். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. × என்பது வெட்டு, + என்பது செக். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்வு. மந்திரி என்றால் பிஷப், யானை என்றால் ரூக்.

1. ஏனுங்க, பிளாக் வந்தாலே பாதி தோத்த மாதிரித்தானுங்களா?

இல்லை. பெரிய ஆட்டத் தொகுப்புகளில் வெள்ளைக்குச் சேரும் புள்ளி சுமார் 54 முதல் 55 சதவீதம், மீதி கருப்புக்கு. வித்தியாசம் உண்மைதான், ஆனால் அது நன்றாக ஆடத் தெரிந்தவர்களிடம்தான் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் முதல் நகர்வின் லாபம் பத்தாவது நகர்வுக்குள் கரைந்துவிடும். அதன்பின் யார் காயைச் சும்மா விட்டார்கள் என்பதுதான் முடிவைச் சொல்லும்.

கருப்பைத் தவிர்த்துக்கொண்டு யாரும் மேலே போக முடியாது. கிராண்ட்மாஸ்டர் நார்ம் (பட்டத்துக்கு வேண்டிய தகுதி) வாங்கும் போட்டி வழக்கமாக 9 ரவுண்டு, அதில் 4 அல்லது 5 ஆட்டம் கருப்பில்தான். 2019ல் இந்தியாவின் 61வது கிராண்ட்மாஸ்டர் ஆன ஈரோட்டு இனியனும் ஏறக்குறைய பாதி ஆட்டங்களைக் கருப்பில் ஆடித்தான் அங்கே போயிருக்கிறார். பேரிங் பார்த்ததும் "அடடா, பிளாக்கா" என்று பெற்றோர் சொல்லாமல் இருந்தாலே பிள்ளைக்குப் பாதித் தைரியம் வந்துவிடும்.

2. 7 ரவுண்டுல எம் பையனுக்கு 4 பிளாக் போட்டுட்டாங்க. ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்கிட்ட) சண்டை போடலாமுங்களா?

வேண்டாம், அது சரியான கணக்குதான். ரவுண்டு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு நிறம் ஒன்று கூடத்தான் செய்யும். சுவிஸ் முறையில் (யாரும் வெளியேறாமல், ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்களை ஒவ்வொரு ரவுண்டிலும் மோதவிடும் முறை) முதல் ரவுண்டு நிறம் குலுக்கலில் முடிவாகி, போர்டுக்குப் போர்டு மாறி வரும். அதன்பின் கம்ப்யூட்டர் இரண்டு விஷயம் பார்க்கும்: கருப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் 2க்கு மேல் போகக் கூடாது, ஒரே நிறம் தொடர்ந்து மூன்று தடவை வரக் கூடாது. கடைசி ரவுண்டில், அதுவரை பாதிக்கு மேல் புள்ளி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு.

எதிராளி இல்லாமல் 'பை' கிடைத்த ரவுண்டு நிறக் கணக்கில் சேராது. "ஒரு ரவுண்டு விட்டு மறுபடி பிளாக் வந்திருக்கே" என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான்.

3. பிளாக்ல உக்காந்ததும் மொதல்ல என்ன பண்ணோணும்? கிளாக்கை யார் அமுக்கோணும்?

முதலில் போர்டைப் பாருங்கள். வலது கை மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும். கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில், அதாவது டி8ல் நிற்க வேண்டும். வீட்டில் எப்போதும் வெள்ளைப் பக்கமே உட்கார்ந்து பழகிய பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். கருப்புப் பக்கமிருந்து பார்த்தால் ராஜா ராணிக்கு இடப்புறம் இருக்கும், சின்ன கேஸ்லிங் (ராஜாவும் அதற்கு அருகிலுள்ள யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) இடது கைப் பக்கம் நடக்கும். வாரத்தில் பாதி நாளாவது கருப்புப் பக்கம் உட்கார வைத்துப் பழக்குங்கள்.

ஆர்பிட்டர் தொடங்கச் சொன்னதும் வெள்ளையின் கடிகாரம் ஓட வேண்டும். வழக்கத்தில் கருப்பு ஆடுபவர் தன் பக்கப் பொத்தானை அமுக்கி அதை ஓட விடுவார். எதிராளி வராவிட்டாலும் அமுக்கிவிட்டுக் காத்திருங்கள். நேரம் அவருடையதுதான் குறையும்.

பேரிங்கில் உங்களுக்கு எந்த நிறம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நிறம் மாற்றி உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டால், இருவரும் 10 நகர்வு முடிக்கும் முன் கண்டுபிடித்தால் ஆட்டம் நின்று சரியான நிறத்தில் புதிதாக நடக்கும். 10 நகர்வு ஆகிவிட்டால் அப்படியே தொடரும்.

4. எம் பொண்ணு 4 மூவ்லயே மேட் ஆகி வந்துடறாளுங்க. ராணியைக் கொண்டாந்து எஃப்7ல வெச்சுடறாங்க.

கருப்பின் எஃப்7 சிப்பாய்க்குத் தொடக்கத்தில் ராஜாவைத் தவிரக் காவல் இல்லை. அதைத்தான் குறி வைக்கிறார்கள். 1. இ4 இ5 2. ராணி ஹெச்5 வந்ததும் ராணியை விரட்டுகிறேன் என்று 2... ஜி6 ஆடினால் 3. ராணி×இ5+ வந்து ஹெச்8 யானையும் போகும். முதலில் 2... குதிரை சி6 ஆடி இ5 சிப்பாயைக் காக்க வேண்டும். 3. மந்திரி சி4 வந்த பிறகுதான் 3... ஜி6. இங்கே 3... குதிரை எஃப்6 ஆடினால் 4. ராணி×எஃப்7 மேட். வரிசை மாறக் கூடாது என்பதே பாடம்.

4. ராணி எஃப்3 என்று மறுபடி எஃப்7ஐப் பார்ப்பார்கள். இப்போது 4... குதிரை எஃப்6 ஆடினால் வழி அடைபட்டுவிடும். அடுத்து மந்திரி ஜி7, பிறகு கேஸ்லிங். வெள்ளை ராணி தன் குதிரை வர வேண்டிய எஃப்3 கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கருப்புக்கு நல்ல ஆட்டம்.

5. ராணி வராதுங்க, குதிரையை ஜி5க்குக் கொண்டாந்து எஃப்7ல அடிக்கறாங்க. அதுக்கு?

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. மந்திரி சி4 குதிரை எஃப்6 4. குதிரை ஜி5 நிலையைச் சொல்கிறீர்கள். எஃப்7க்கு இரண்டு காய் குறி. மந்திரியின் வழியை அடைக்க 4... டி5 ஆடுங்கள். 5. இ×டி5 வந்ததும் கை தானாக 5... குதிரை×டி5 ஆடும், தவறு அங்கேதான் நடக்கிறது. 6. குதிரை×எஃப்7 ராஜா×எஃப்7 7. ராணி எஃப்3+ வந்தால் டி5 குதிரையைக் காக்கக் கருப்பு ராஜா இ6க்கு, நடுத்தெருவுக்கு வர வேண்டியிருக்கும்.

சரியான பதில் 5... குதிரை ஏ5, மந்திரியைத் தாக்குவது. 6. மந்திரி பி5+ சி6 7. டி×சி6 பி×சி6. ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் வெள்ளை மந்திரி ஓட வேண்டும், ஹெச்6 ஆடினால் குதிரையும் ஓட வேண்டும், அதற்குள் உங்கள் காய்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். சிப்பாய் போனதைப் பார்த்துப் பிள்ளை பதறாமல் இருக்க இந்த நிலையை வீட்டில் பலமுறை ஆடிப் பாருங்கள்.

6. பிளாக்குக்கு எத்தனை ஓப்பனிங் படிக்கோணும்? எதுன்னு ஒண்ணைச் சொல்லுங்க.

இரண்டு போதும்: இ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி சிப்பாய் அமைப்பில் இருந்தால் படிக்கும் வேலை பாதியாகும். எங்கள் சிபாரிசு இ4க்குக் காரோ-கான், டி4க்கு ஸ்லாவ். இரண்டிலும் சி6, டி5 சிப்பாய்கள்தான் தூண். சி8 மந்திரியை எஃப்5க்கு வெளியே எடுத்துவிட்டு, அதன்பிறகு இ6 ஆடுவதுதான் இரண்டிலும் அடிப்படை எண்ணம்.

காரோ-கான்: 1. இ4 சி6 2. டி4 டி5. வெள்ளை 3. இ5 தள்ளினால் 3... மந்திரி எஃப்5, பிறகு இ6, பிறகு சி5 தள்ளி டி4 சிப்பாயைத் தாக்குங்கள். 4. ஹெச்4 வந்தால் மட்டும் கவனம். அங்கே 4... இ6 ஆடினால் 5. ஜி4 மந்திரி இ4 6. எஃப்3 மந்திரி ஜி6 7. ஹெச்5 வந்து மந்திரி மாட்டிக்கொள்ளும். அதனால் 4... ஹெச்5. வெள்ளை 3. இ×டி5 வெட்டினால் சி சிப்பாயால் வெட்டுங்கள். 3. குதிரை சி3 வந்தால் 3... டி×இ4 4. குதிரை×இ4 மந்திரி எஃப்5 5. குதிரை ஜி3 மந்திரி ஜி6, அடுத்து 6. ஹெச்4க்கு ஹெச்6.

சிலர் நாலாவது நகர்வில் மந்திரிக்குப் பதில் 4... குதிரை டி7 ஆடுவார்கள். அதுவும் நல்ல நகர்வே. ஆனால் 5. ராணி இ2 வந்ததைக் கவனிக்காமல் 5... ஜி8 குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால் 6. குதிரை டி6 மேட். இ7 சிப்பாய் ராணிக்கு எதிரே கட்டுண்டு (நகர்ந்தால் தன் ராஜாவுக்குச் செக் விழும்) கிடப்பதால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது.

ஸ்லாவ்: 1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 டி×சி4 5. ஏ4 மந்திரி எஃப்5. மற்ற வரிசைகளை ஆட ஆட அறிந்துகொள்ளலாம்.

7. இப்பெல்லாம் எல்லாரும் லண்டன்தான் ஆடறாங்க. அதுக்குத் தனியாப் படிக்கோணுமுங்களா?

ஒரு மாலை நேரம் போதும். லண்டன் என்பது வெள்ளை டி4 ஆடி மந்திரியை எஃப்4க்குக் கொண்டுவரும் ஓப்பனிங். 1. டி4 டி5 2. மந்திரி எஃப்4 வந்ததும் 2... சி5 ஆடுங்கள். 3. இ3 குதிரை சி6 4. சி3 ஆன பிறகு ராணி பி6. வெள்ளை மந்திரி சி1ஐ விட்டுப் போனதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை, அதைத்தான் அழுத்துகிறீர்கள். லண்டன் ஆடுபவர்கள் பலர் எதிரே என்ன வந்தாலும் அதே எட்டு நகர்வை வேகமாக வைப்பார்கள். நாலாவது நகர்விலேயே அவர்களை யோசிக்க வைத்தால் ஆட்டம் உங்கள் பக்கம் வரும்.

8. நல்லாத்தான் ஆடறானுங்க, ஆனா பிளாக்ல டிராதான் ஆகுது. ஜெயிக்கறது எப்படி?

இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். கருப்பின் ஆட்டத்துக்கு இரண்டு பகுதி உண்டு. முதலாவது வெள்ளையின் முதல் நகர்வு லாபத்தைக் கரைத்துச் சமன் செய்வது. காய்கள் எல்லாம் வெளியே வந்து, ராஜா பத்திரமாகி, சி5 அல்லது இ5 தள்ள முடிந்தால் அது முடிந்தது. பல பிள்ளைகள் அங்கேயே நிம்மதியாகி, காய்களை வரிசையாக மாற்றிக்கொண்டு டிராவுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் ஜெயிக்கும் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சமன் ஆனதும் மூன்று விஷயம் பாருங்கள். எதிராளியின் எந்தச் சிப்பாய்க்கு வேறு சிப்பாயின் துணை இல்லை? உங்கள் காய்களில் எது சும்மா நிற்கிறது? எந்தக் காயை மாற்றிக்கொண்டால் மீதி ஆட்டம் உங்களுக்கு எளிது? துணையில்லாத சிப்பாயை அழுத்தி, சும்மா நிற்கும் காயை வேலைக்குக் கொண்டுவந்து, ஆபத்தில்லாமல் நகர்வு வைத்துக்கொண்டே இருங்கள். வெள்ளை ஆடுபவர் "நான்தானே ஜெயிக்க வேண்டும்" என்று நினைத்துச் சிப்பாய்களை அளவுக்கு மீறித் தள்ளுவார். தள்ளிய சிப்பாய் பின்னால் வராது. அது விட்டுப்போன கட்டங்களில் உங்கள் குதிரை உட்காரும்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டத்தின் 14வது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, 18 வயது குகேஷ் கருப்பு. புள்ளி 6.5-6.5. டிரா ஆனால் வேக ஆட்டத்துக்குப் போக வேண்டும். தொடக்கம் 1. குதிரை எஃப்3 டி5 2. ஜி3 சி5. கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். வெள்ளை ஒழுங்காகக் காத்தால் டிராதான். குகேஷ் கை கொடுக்காமல் நகர்வு வைத்துக்கொண்டே இருந்தார். 55வது நகர்வில் டிங் யானையை எஃப்2ல் வைத்து மாற்றக் கேட்டார். குகேஷ் யானையை மாற்றிக்கொண்டு 56... மந்திரி டி5 ஆடினார். வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. அதற்கு இருந்த ஒரே குறுக்கு வழியில் கருப்பு மந்திரி வந்து நின்றுவிட்டதால் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டும் போனதும் மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும், அது கருப்புக்கு வெற்றி. 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது, 7.5-6.5.

ஆபத்து இல்லாத வரை எதிராளியைத் தொடர்ந்து பதில் தேட வைக்க வேண்டும். அதற்குக் கடைசி ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். ராஜா-சிப்பாய், யானை-சிப்பாய் முடிவுகளைப் படிக்காமல் ஓப்பனிங் மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் கருப்பில் டிராதான் மிஞ்சும்.

9. கடைசி ரவுண்டு, பிளாக், ஜெயிச்சாத்தான் பிரைஸ். வழக்கமா ஆடறதை விட்டுட்டுச் சிசிலியன் ஆடச் சொல்லட்டுமுங்களா?

பழகாத ஓப்பனிங்கை அன்றைக்கு ஆட வைக்காதீர்கள். 2010 சோஃபியா உலகப் பட்டத்தின் 12வது, கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். 5.5-5.5, ஆனந்த் கருப்பு, எதிரே டோபலோவ் சொந்த நாட்டில். ஆனந்த் எடுத்தது ராணிப் பக்கக் காம்பிட் மறுப்பில் லாஸ்கர் முறை: மிக உறுதியான, பழைய, வேடிக்கை இல்லாத ஓப்பனிங். காய்கள் மாறின, நிலை சமமானது. வேக ஆட்டத்துக்குப் போக விரும்பாத டோபலோவ் வழி தேடி, 31, 32வது நகர்வுகளில் இரண்டு சிப்பாய்களை வெட்டித் தன் ராஜாவின் முன்னால் இருந்த மறைப்பைத் தானே அகற்றினார். ஆனந்தின் ராணி செக்குடன் இ4ல் இறங்கியது. பட்டம் ஆனந்திடமே தங்கியது.

ஜெயித்தே ஆக வேண்டிய நாளில் எதிராளிக்கும் பெரும்பாலும் அதே அழுத்தம் இருக்கும். காய்களை அவசரப்பட்டு மாற்றாமல், பழகிய நிலையில் நிதானமாக நில்லுங்கள். மீதி 8வது பதிலில் சொன்னதுதான்.

10. பிளாக்ல அட்டாக் பண்ணியே ஜெயிச்ச ஆட்டம் ஒண்ணு காட்டுங்க, பையனுக்கு ஆடிக் காட்டறேன்.

2013, நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ ஊரில் டாட்டா ஸ்டீல் போட்டி. ஆரோனியன் வெள்ளை, ஆனந்த் கருப்பு. 6வது பதிலில் சொன்ன சி6-டி5 அமைப்பில்தான் தொடங்குகிறது, கூடவே இ6.

1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 இ6 5. இ3 பி8 குதிரை டி7 6. மந்திரி டி3 டி×சி4 7. மந்திரி×சி4 பி5 8. மந்திரி டி3 மந்திரி டி6 9. இருவரும் சின்ன கேஸ்லிங் 10. ராணி சி2 மந்திரி பி7 11. ஏ3 யானை சி8 12. குதிரை ஜி5 சி5 13. குதிரை×ஹெச்7 குதிரை ஜி4 14. எஃப்4 சி×டி4 15. இ×டி4 மந்திரி சி5 16. மந்திரி இ2 டி7 குதிரை இ5 17. மந்திரி×ஜி4 மந்திரி×டி4+ 18. ராஜா ஹெச்1 குதிரை×ஜி4 19. குதிரை×எஃப்8 எஃப்5 20. குதிரை ஜி6 ராணி எஃப்6 21. ஹெச்3 ராணி×ஜி6 22. ராணி இ2 ராணி ஹெச்5 23. ராணி டி3 மந்திரி இ3. ஆரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். ஒன்று, 16வது நகர்வு முடிந்ததும். சி5 மந்திரி, இ5 குதிரை, ஜி4 குதிரை மூன்றையும் வெள்ளை வெட்டலாம், எஃப்8 யானையும் குதிரையின் தாக்குதலில் இருக்கிறது. ஆனாலும் வெள்ளைக்கு நல்ல வழி இல்லை, ஏனென்றால் பி7 மந்திரி உட்படக் கருப்பின் காய்கள் எல்லாம் ராஜாவை நோக்கி நிற்கின்றன. இரண்டு, கடைசி நிலை. வெள்ளையின் ஜி2 சிப்பாய் பி7 மந்திரியால் கட்டுண்டது, ஹெச்3 சிப்பாய் ஹெச்5 ராணியால் கட்டுண்டது. ஹெச்3க்கு இருந்த ஒரே காவல் டி3 ராணி. 23... மந்திரி இ3 அந்த வழியை அறுக்கிறது. அடுத்து ராணி×ஹெச்3. ஏன் ஜி2 சிப்பாயால் ராணியை வெட்ட முடியாது என்று பையனையே சொல்ல வையுங்கள்.

11. எதிர்ல இருக்கறவரு 200 ரேட்டிங் அதிகம், அவரே டிரா கேக்கறாரு. வாங்கிக்கலாமுங்களா?

நிலையைப் பார்த்து முடிவெடுங்கள், ரேட்டிங்கைப் பார்த்து அல்ல. வெள்ளை ஆடும் வலுவான ஆள் டிரா கேட்டால், அவர் தன் நிலையை விரும்பவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நேரம் போதுமான அளவு இருந்து, உங்கள் ராஜா பத்திரமாக இருந்தால் ஆடுங்கள்.

முறை இதுதான்: காயை நகர்த்திவிட்டு, கிளாக்கை அமுக்கும் முன் டிரா கேட்க வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் அவசரம் வேண்டாம், உங்கள் நேரத்தில் யோசியுங்கள். வேண்டாம் என்றால் வாயால் சொல்லலாம், அல்லது அடுத்த காயை எடுத்து ஆடினாலே மறுப்புதான். குறிப்பிட்ட நகர்வுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று சில போட்டிகளில் விதி இருக்கும், அறிவிப்பைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

12. பிளாக்ல ஜெயிச்சா ரேட்டிங் கூடுதலாக் கெடைக்குமுங்களா?

கிடைக்காது. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் கணக்கில் நிறமே கிடையாது. ரேட்டிங் 2300க்குக் கீழுள்ள சிறுவர்களுக்கு, 18 வயது நிறையும் ஆண்டு முடியும் வரை கே எண் (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சம ரேட்டிங் ஆளை ஜெயித்தால் 20 புள்ளி, 200 அதிகமுள்ளவரை ஜெயித்தால் எதிர்பார்த்த புள்ளி 0.24 மட்டுமே என்பதால் 0.76 × 40, அதாவது 30.4. வெள்ளையானாலும் கருப்பானாலும் இதே.

டை-பிரேக்கில்தான் (சம புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் கணக்கு) நிறத்துக்கு மதிப்பு வரலாம். அதிக ஆட்டம் கருப்பில் ஆடியது, கருப்பில் ஜெயித்த எண்ணிக்கை என்று இரண்டு அளவுகள் ஃபிடே பட்டியலில் உண்டு. எதை, எந்த வரிசையில் எடுப்பது என்பது போட்டி அறிவிப்பில் இருக்கும். பெரும்பாலும் புக்கோல்ஸுக்கு (எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல்) பின்னால்தான் இவை வரும். 2வது கேள்வியில் 4 பிளாக் வந்ததற்கு வருத்தப்பட்டவருக்கு இது உதவவும் கூடும்.

13. கேஸ்லிங் பண்றப்ப யானையை மொதல்லத் தொட்டுட்டான், எதிராளி கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாரு. என்னாகும்?

அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். எப்போதும் ராஜாவை முதலில், ஒரே கையால். கருப்புப் பக்கம் இடம் மாறித் தெரிவதால் (3வது பதில்) இந்தத் தவறு கருப்பில் அதிகம் நடக்கிறது.

14. ஸ்கோர் ஷீட்ல கட்டத்தை மாத்தி மாத்தி எழுதறா. ரிசல்ட்டும் தப்பா எழுதிட்டா என்ன பண்றது?

கருப்புப் பக்கமிருந்து ஹெச் வரிசை இடது கை ஓரத்தில், 8வது வரிசை மடிக்கு அருகில் இருக்கும். போர்டின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து எழுதப் பழக்குங்கள். எதிராளி ஆடியதும் உடனே பதில் ஆடிவிட்டுப் பிறகு எழுதலாம், ஆனால் அதற்கு அடுத்த நகர்வுக்கு முன் இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். நகர்வுக்கு 30 வினாடி கூடும் ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் கடைசி வரை எழுத வேண்டும். அப்படிக் கூடாத ஆட்டத்தில் 5 நிமிடத்துக்குக் கீழ் போனால் நிறுத்தலாம்.

கருப்பு ஜெயித்தால் 0-1. ஜெயித்த சந்தோஷத்தில் பிள்ளைகள் 1-0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது எல்லா ஹாலிலும் நடக்கிறது. இருவரும் கையெழுத்திட்ட முடிவு, ஆர்பிட்டர் வேறு தீர்மானித்தால் ஒழிய, தவறாக இருந்தாலும் அப்படியே நிற்கும். அதனால் கையெழுத்துக்கு முன் வெள்ளை யார், கருப்பு யார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறு தெரிந்தால் எதிராளியையும் கூட்டிக்கொண்டு, அடுத்த ரவுண்டு பேரிங் போடும் முன் ஆர்பிட்டரிடம் போங்கள்.